படத்தில் இல்லாத எட்டாவது வயல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேரையும் போன வாரம் பார்த்தேன். நான் ஒரு காலத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்த படங்கள் உங்கள் திரையில் நொடியில் வந்து நிற்கின்றன. உங்களில் ஒருவர், கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் புள்ளியைப் படத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. என்னிடம் அதற்கு ஒரு பதில் உண்டு. கொஞ்சம் நீளமானது, என் தவறும் அதில் இருக்கிறது. வேலையை விட்டு வந்த பிறகு மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் எழுதியே தருகிறேன்.

அப்போது தனியார் விதை நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் நிறுவனத்துக்குக் குக்கர் ரிப்பேர் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மேலாளர், மற்றதில் நானும் அந்தோணியும். அந்தோணி கள அலுவலர். புது நெல் ரகத்தை விவசாயிகளிடம் கொடுத்து, பழைய ரகத்துக்குப் பக்கத்திலேயே நடச் சொல்லி, அறுவடையன்று போய் எடை போட்டுக் குறித்துக்கொண்டு வருவார். அவர் கொண்டுவரும் தாள்களைக் கணக்கிட்டுப் படமாக்குவது என் வேலை. நான் கணிதம் படித்தவள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வயலுக்குப் போக வீட்டில் விடுவார்களா என்பதுதான். விட்டார்கள்.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தாள். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வாள். அவள்தான் ஊருக்கு வந்த உறவினர் பெட்டியில், துண்டில் சுற்றி ஒரு சி.டி. அனுப்பினாள். மேலே 'ஆர்' என்று ஒற்றை ஆங்கில எழுத்து. இனிஷியல் போட்டுவிட்டுப் பெயரை எழுத மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். புள்ளியியலுக்கென்றே இருக்கும் கணினி மொழி, இலவசம், இதில் படம் வரை என்று கடிதம் வைத்திருந்தாள். இன்று அந்த மொழியில் எந்தச் சந்தேகத்துக்கும் தேடினால் ஆயிரம் பதில் வரும். நான் தேடியது நீடாமங்கலம் பிரௌசிங் சென்டரில். ஒற்றை எழுத்தைத் தட்டித் தேடினால் என்ன கிடைக்கும்? உலகத்தில் உள்ள எல்லாம் கிடைத்தது, அது ஒன்றைத் தவிர. ஆகவே சந்தேகம் வந்தால் தோழிக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டு, அடுத்த வாரம் பதில் பார்க்கப் போவேன்.

முதலில் வரைந்தது நீங்கள் எல்லோரும் வரையும் சாதாரண பாக்ஸ் பிளாட், நடுவே ஒரு பெட்டியும் மேலும் கீழும் ஒரு கோடுமாக. அதை ஒரு விவசாயிகள் கூட்டத்தில் மாட்டினேன். ஒருவர் சவப்பெட்டி என்றார். ஒருவர் காவடி என்றார். இன்னொருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கேட்டுக்கு அடிச்ச தாழ்ப்பாள் மாதிரி இருக்குங்க" என்றார். கூட்டம் நன்றாகச் சிரித்தது. விளைச்சலைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தோழிக்கு இதை எழுதினேன். அவள் பதிலில் என்னிடமே ஒரு கேள்வி இருந்தது: அந்தப் பெட்டியின் அகலம் எதைக் காட்டுகிறது? யோசித்துப் பார்த்தால் எதையும் காட்டவில்லை. உயரத்துக்குத்தான் பொருள் உண்டு. அகலம் சும்மா. அப்படியானால் எதற்கு அதை வரைகிறாய் என்று அடுத்த வாரம் எழுதினாள்.

அன்று பிடித்தது எனக்கு அழிக்கும் பைத்தியம். பெட்டியின் சுவர்களை எடுத்தேன். கோட்டின் நுனியில் இருந்த குறுக்குக் குச்சியை எடுத்தேன். பின்னால் இருந்த கட்டங்களை எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

அந்தப் படத்தை விளக்குவதும் சுலபமாகிவிட்டது. எட்டுப் பேரைக் குறைந்த விளைச்சலில் இருந்து கூடிய விளைச்சல் வரை வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். கீழே உள்ள இரண்டு பேருக்குக் கீழ்க்கோடு. மேலே உள்ள இரண்டு பேருக்கு மேல்கோடு. நடுவில் நிற்கும் நான்கு பேருக்கு அந்த வெற்றிடம். அவர்களுக்கும் நட்டநடுவில் புள்ளி. கோட்டின் அடிநுனி எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறதோ, அதுதான் ஆகக் குறைந்த விளைச்சல். அடுத்த கூட்டத்தில் இப்படிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. கோடு நீளமாக இருந்தால் நம்ப முடியாத ரகம், குட்டையாக இருந்தால் நம்பலாம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தப் பெருமையோடுதான் அந்த வருடத்துப் பெரிய கூட்டத்துக்குத் தயாரானேன். சம்பா விதைப்புக்கு முன்னால், நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நீடாமங்கலம், சீர்காழி, முத்துப்பேட்டை ஆகிய மூன்று பகுதிகளிலும் எட்டெட்டு வயலில் எங்கள் புது ரகத்தைச் சோதித்திருந்தோம். விவசாயிகளும் விதைக் கடைக்காரர்களும் வருவார்கள். அன்றைக்கு வாங்கும் ஆர்டரை வைத்துத்தான் மேலாளருக்கு அந்த வருடம் நல்ல வருடமா கெட்ட வருடமா என்பது. இலக்கை எட்டிவிட்டால் நிறுவனம் அவரைப் பாங்காக் கூட்டிப்போகும். பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

படத்தைப் பெரிதாக ஃப்ளெக்ஸில் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, கோப்பு சரியாகத் திறக்கவில்லை என்றார். திறந்தது சரிதான், படமே அவ்வளவுதான் என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு வெள்ளையாக அடித்துக் கொடுத்தால் கடை பெயர் கெட்டுவிடும், இரண்டு பக்கமும் நெற்கதிர் வைக்கிறேன், மூலைக்கு ஒரு பூ வைக்கிறேன், காசு வேண்டாம் என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. ஆனால் திரையில் இரண்டு சின்னப் புள்ளிகள் என் கண்ணை உறுத்தின. முத்துப்பேட்டைக் கோட்டுக்குக் கீழே ஒன்று. சீர்காழிக் கோட்டுக்கு மேலே ஒன்று. மற்ற வயல்களிலிருந்து மிகவும் விலகிப் போன விளைச்சலை அந்த மொழி கோட்டில் சேர்க்காமல் இப்படித் தனிப் புள்ளியாக வைக்கும்.

முத்துப்பேட்டைப் புள்ளி ஒரு மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, மூன்று மூட்டை. அந்தோணியின் தாளில் பென்சிலால் 'உப்புத் தண்ணி' என்று எழுதியிருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். மென்பொருளே அதை ஒதுக்கி வைத்திருக்கிறது, நான் இன்னும் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன என்று தோன்றியது. படமும் துடைத்துவிட்டது போல இருக்கும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், இரண்டு புள்ளிகளும் காணாமல் போகும். மாற்றினேன். மேலாளர் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. அவருக்குப் புள்ளி இருந்ததே தெரியாது.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கடைக்காரர்கள், பின்னால் விவசாயிகள். படத்தை விளக்கினேன். தலைகள் ஆடின. முத்துப்பேட்டையில் புது ரகம் மாவுக்கு ஏழு மூட்டைக்குக் குறையவே இல்லை என்று, கோட்டின் அடிநுனியில் குச்சியை வைத்துச் சொன்னேன். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் காளியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். முத்துப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள வயலை இவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வயல்னு சொன்னீங்க. அதுல எங்க வயலும் ஒண்ணுங்க. எங்களுக்கு மூணு மூட்டதான் கண்டுச்சு. இங்க அடியில ஏழுல நிக்குது. அப்ப எங்க வயல் எங்கங்க இருக்கு?"

குரலில் கோபம் இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது போலத்தான் கேட்டார். அந்தப் படத்தை அவ்வளவு எளிதாக வரைந்ததால் அவருக்கு அதைப் படிக்க முடிந்தது. படிக்க முடிந்ததால், அதில் தன் வயல் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. பழைய சவப்பெட்டிப் படமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மேடையில் எனக்குப் பக்கத்தில் இருந்த மேலாளர் உதட்டை அசைக்காமல், இது சராசரி என்று சொல்லி முடித்துவிடும்படி முணுமுணுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு விவரம் தெரியாது, கூட்டம் கையை விட்டுப் போகக் கூடாதே என்ற பதற்றம். சராசரி என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று, தன் மூன்று மூட்டையைத் தன்னோடு வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த முத்துப்பேட்டைக்காரர்கள் ஏழு மூட்டையை நம்பி விதை வாங்கியிருப்பார்கள்.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். இதெல்லாம் மூன்று நான்கு நொடிக்குள்.

"உங்க வயல் இதுல இல்லீங்கம்மா," என்றேன். "நான்தான் எடுத்துட்டேன். எடுத்திருக்கக் கூடாது."

நான் பயந்த கேள்வியே வந்தது. முன்வரிசைக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, "அப்ப இன்னும் எத்தன பேர எடுத்தீங்க?" என்றார்.

கேட்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஒன்றை மறைத்தவள் ஒன்பதை மறைத்திருக்க மாட்டாளா? நான் உண்மையைச் சொன்னேன்: இன்னும் ஒன்று, சீர்காழியில், அது குறைந்ததால் அல்ல, மற்றவர்களை விட மிக அதிகமாக, பதினாறு மூட்டை விளைந்ததால்.

நடுவரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார். படத்தில் பதிமூன்றில் முடிந்த சீர்காழிக் கோட்டை அவ்வளவு நேரமும் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "நானும் அப்பலேந்து பாக்குறேன்," என்றார். "சரி, எட போட்டவரு தப்பா எழுதிட்டாரு போலருக்கு, சபையில கேக்க வேணாம்னு உக்காந்துருந்தேன். பதினாறு எடுத்தவனத் தூக்குறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

முதலில் காளியம்மாள்தான் சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம் முழுதும். பிறகு மண்டபமே. கேள்வி கேட்ட கடைக்காரரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்தோணி எங்கிருந்தோ ஒரு தடித்த மார்க்கர் பேனாவைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியவரை மேடைக்கு அழைத்துப் பதினாறுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தேன். இன்னும் கொஞ்சம் மேலே என்றார். பதினாறு அங்கேதான் என்று காட்டிய பிறகே விட்டார். காளியம்மாளிடம் பேனாவையே கொடுத்தேன். மூன்று எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, பெரிய குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு புள்ளி வைத்தார். என் மென்பொருள் வைத்தது கடுகு அளவு.

ஏன் மூன்று மூட்டை என்று கூட்டம் அவரிடமே கேட்டது. ஆற்றுத் தண்ணீர் அவர்கள் பக்கம் கடைசியில்தான் வந்து சேரும். அந்த வருடம் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. கடல் பக்கமிருந்து வடிகால் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி வயலில் நின்றுவிட்டது. "பக்கத்துலயே பழைய ரகம் ஆறு மூட்ட குடுத்துச்சு. அதுக்கு உப்பு பழகிருக்கு. இதுக்குப் பழகல," என்றார். மேட்டுப் பாங்கான வயல் உள்ள முத்துப்பேட்டைக்காரர்கள் தங்களுக்கு எவ்வளவு வந்தது என்றார்கள். பத்து, பதினொன்று. ஆக, ரகத்தில் குறை இல்லை, தாழ்வான வயலுக்கு மட்டும் ஆகாது என்பது அரை மணி நேரத்தில் அவர்களுக்குள்ளேயே தெளிவாகிவிட்டது. தாளில் எழுதியிருந்தும் எனக்கு அது தெரியவில்லை. தெரிவிக்கக்கூடிய ஒரே புள்ளியை அழித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன்.

ஜீப்பில் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் மேலாளர் வண்டியை நிறுத்தச் சொன்னார். டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். நான் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனசுக்குள் எழுதிவிட்டிருந்தேன்.

அவர் கேட்டது வேறு. கூட்டத்துக்கு முன்பே தனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தெரிந்திருந்தால் முத்துப்பேட்டைக்கு இலக்கையே குறைத்து வாங்கியிருப்பேன் என்றார். "இப்ப ஹெட் ஆபீசுக்கு நான் என்ன சொல்றது, அதச் சொல்லுங்க மேடம்."

அறிக்கையை நான் எழுதுகிறேன், புள்ளி எடுத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். தாழ்வான வயல்களுக்கு இந்த ரகம் வேண்டாம் என்று ஒரு வரியும், இரண்டு புள்ளிகளோடு அதே படமும் வைத்தேன். அவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்தில் இருந்து எனக்குக் கண்டிப்பான கடிதம் ஒன்று வந்தது. அதற்கு நான் தகுதியானவள்தான். சீர்காழியிலும் நீடாமங்கலத்திலும் ஆர்டர் குறையவில்லை. முத்துப்பேட்டையில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போயிற்று. மேலாளருக்குப் பாங்காக் கிடைக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் பொங்கலுக்குப் போன் செய்தால், தன் பாஸ்போர்ட் வெள்ளையாக இருப்பதற்குக் காரணமான மேடம் நலமா என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்தச் சம்பாவிலும் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. தாழ்வான வயல்களில் உப்பு ஏறியது. அங்கே எங்கள் விதையை யாரும் போட்டிருக்கவில்லை. வழக்கம் போலக் குறைந்த விளைச்சல், அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எந்தச் செய்தித்தாளிலும் வராது இது. நம் வேலையில் நல்லபடியாக முடிந்தவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், வெளியே சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பழகிக்கொள்ளுங்கள்.

கோடு குறைவாக வரையுங்கள் என்று இன்றும் சொல்வேன். பெட்டியை எடுங்கள், சுவரை எடுங்கள், ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் பூ வைக்க விடாதீர்கள். ஆனால் அழிக்கும் கை எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் அகலம் யாருடைய வயலும் இல்லை. புள்ளி யாரோ ஒருவருடைய வயல். தப்பாக எழுதப்பட்ட எண் என்று சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேளுங்கள், வயலுக்குப் போங்கள். தப்பென்று உறுதியானால் திருத்துங்கள், திருத்தியதை எழுதி வையுங்கள். பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

அடுத்த வருடம் உப்பைத் தாங்கும் ரகம் ஒன்று சோதனைக்கு வந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் வயல் பிடிப்பது எப்போதுமே கஷ்டம். முந்தைய வருடம் எட்டு வயலுக்கு அந்தோணி இரண்டு மாதம் அலைந்திருந்தார். ஒரு நாள் காலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து காளியம்மாள்.

"புது நெல்லு வந்துருக்குன்னு கடையில சொன்னாங்க. எங்க வயலுக்கும் குடுங்க. வெளைஞ்சாலும் எழுதுங்க, வெளையலன்னாலும் எழுதுங்க. நீங்க எழுதிடுவீங்கன்னு இங்க எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன்."

சரிங்க என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன். இருங்க என்றார். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு பெண்ணிடம் போன் கை மாறியது, பிறகு அவருடைய கொழுந்தனிடம், பிறகு வேறு யாரிடமோ. அந்த ஒரே அழைப்பில் பதினொரு பெயர்களை எழுதினேன். தாளைப் பார்த்த அந்தோணி, எட்டுப் பேர்தானே வேண்டும், மீதி மூன்று பேரிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்று தலையைச் சொறிந்தார்.

பதினொன்றையும் வைத்துக்கொள்வோம் என்றேன்.